மலைக்குப் பருத்தி ஜாக்கெட்: அடர்நெசவுத் துணிகளில் எது நமக்குப் பொருந்தும்?

பிளாஸ்டிக் கோட்டும் நைலான் ஜாக்கெட்டும் வேண்டாம், காற்றும் மழையும் தாங்கும் ஜாக்கெட் பருத்தியிலேயே வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், அடுத்த அடியில் திகைத்து நின்றுவிடுகிறார்கள். வென்டைல் என்ற நெருக்கி நெய்த பிரிட்டிஷ் பருத்தித் துணியா, மெழுகுத் துணியா, கேபர்டீனா, பாலியஸ்டர் கலந்ததா? இல்லை, பல்லடத்துத் தறியில் ஓடும் நெருக்கமான பாப்ளினையே எடுத்து உள்ளூரில் தைத்துக்கொள்ளலாமா? ஆனைமலைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், வால்பாறை எஸ்டேட்டுகளில் களப்பணி செய்கிறவர்கள், ஆனி ஆடிக் காற்றில் உடுமலைச் சாலையில் தினமும் பைக் ஓட்டுகிறவர்கள், பனியனைத் தாண்டி வேறு எதையாவது தைத்துப் பார்க்க நினைக்கும் திருப்பூர்ச் சிறு யூனிட்காரர்கள் என்று பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

இந்தத் துணிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தையும் சுவீடனையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஐந்து டிகிரிக் குளிரில் நாள் முழுவதும் தூறும் ஊரில் நன்றாக உழைக்கும் துணி, புழுக்கமும் சாரலும் சேர்ந்தே வரும் பொள்ளாச்சியில் அதே மாதிரி உழைக்காது. எனவே துணிக்கு முன்னால் நம் வானத்தைப் பார்க்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைமழைக்கு எந்தப் பருத்தித் துணியையும் நம்ப வேண்டாம். காற்று, சாரல், மூடுபனி, முள், அட்டைப்பூச்சி ஆகிய அத்தனைக்கும் நம்பலாம். கொட்டும் மழைக்கென்று ஒரு போர்வைக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டால், ஜாக்கெட் துணியைத் தேர்ந்தெடுப்பது பாதி எளிதாகிவிடும்.

## நம் பக்கத்து மழையும் காற்றும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அதன் வழியாகப் பாயும் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று சமவெளி முழுக்க வீசுகிறது. காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. ஆனால் அந்தக் காற்றோடு சமவெளிக்கு வருவது பெரும்பாலும் சாரல்தான். கன மழையெல்லாம் மலையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வால்பாறைக்கு அருகில் உள்ள சின்னக்கல்லார், தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. பகலெல்லாம் வெயில் அடித்து, மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டி ஓயும். மார்கழி, தையில் மலையில் மழை குறைந்து காய்ந்த குளிரும் மூடுபனியும் வரும். நீலகிரியில் உறைபனியே விழும். மாசியிலிருந்து வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு அடிவாரத்தில் வியர்வை, ஏழாவது மலையில் பற்களைக் கிட்ட வைக்கும் காற்று.

ஆக, ஒரே ஆண்டுக்குள் நமக்கு நான்கு வேறு தேவைகள் இருக்கின்றன. எந்த ஒரு துணியும் நான்கையும் நிறைவேற்றாது.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், நீர் எவ்வளவு நேரம் வெளியே நிற்கிறது என்பது. பருத்தி நீரைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. பாவுக்கும் (நீளவாக்கு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நடுவில் இருக்கும் கண்களை மெழுகு போன்ற ஒன்றால் அடைப்பது ஒரு வழி. கண்களே தெரியாதபடி நெருக்கி நெய்துவிட்டு, நனைந்ததும் இழை ஊதித் தானாகவே கண்ணை மூடிக்கொள்ளும்படி விடுவது மற்றொன்று. நீர் பட்டதும் பருத்தி இழை பருக்கிறது. வென்டைலின் அடிப்படையே இதுதான். ஆனால் இழை ஊத ஓரிரு நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு நீரை உருட்டி விட மேலே ஒரு நீர்விலக்கிப் பூச்சு தேவை.

ஆய்வகத்தில் இதை நீர்த்தூண் உயரத்தில் அளக்கிறார்கள். துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் மறுபக்கம் சொட்டு கசிகிறது என்பது கணக்கு. நல்ல வென்டைல் ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீட்டருக்கு அருகில் நிற்கும். சவ்வு ஒட்டிய செயற்கைத் துணிகள் பத்தாயிரத்துக்கும் மேல் போகின்றன. இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுகிற விற்பனையாளரை நம்ப வேண்டாம். முதுகுப்பையின் பட்டை தோளை அழுத்தும் இடத்திலும், ஈரத் தரையில் முழங்காலை ஊன்றும் இடத்திலும் பருத்தி முதலில் கசிவது இந்த அழுத்தத்தால்தான்.

இரண்டாவது, வியர்வை. இதை மற்றவர்கள் கடைசியில் சொல்வார்கள். நமக்கு இதுவே முதலில் வர வேண்டும் என்பது என் எண்ணம். வியர்வை ஆவி துணியைத் தாண்டி வெளியேற, உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரப்பதம் குறைவாக இருந்தாக வேண்டும். குளிர்நாட்டில் அப்படித்தான் இருக்கும். ஆடி மாதத்து வால்பாறையில் வெளிக்காற்றே நீரில் ஊறிக் கிடக்கிறது. அங்கே விலை உயர்ந்த சவ்வு ஜாக்கெட்டும் உள்ளே நனைந்துதான் போகும். பருத்தியும் முழுவதாகத் தப்பாது. ஆனாலும் வியர்வையைத் தன் இழையில் வாங்கிக்கொள்வதால் உடம்பில் ஒட்டிக்கொண்டு உறுத்தாது.

மூன்றாவது, நனைந்த பிறகு என்ன ஆகிறது. எடை எவ்வளவு கூடுகிறது, மறுநாள் காலைக்குள் காய்கிறதா, விறைத்துக்கொள்கிறதா? பருத்திக்கு ஒரு நற்குணம் உண்டு: நனைந்தால் அதன் வலு கூடும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் நேர்மாறு, நனைந்தால் பாதி வலுவை இழந்துவிடும். அதே பருத்தி உள்வரை நனைந்துவிட்டால் உடல் சூட்டை உறிஞ்சி வெளியே விடும் என்பதையும் மறக்கக் கூடாது. தொட்டபெட்டாவில் காற்று அடிக்கும்போது உள்ளே பருத்தி பனியனோடு நனைந்து நிற்பது ஆபத்து. வெளியே எந்தப் பருத்தி போட்டாலும் உள்ளே கம்பளியோ பாலியஸ்டரோ இருக்கட்டும்.

முள், தீப்பொறி, சத்தம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். உண்ணிப் புதருக்குள் நுழைந்து வரும்போது மெல்லிய நைலான் கிழியும், அடர்பருத்தி கீறலோடு தப்பும். நைலானின் சரசரப்பு காட்டில் வெகு தூரம் கேட்கிறது. இருவாட்சிக்காகவோ வரையாட்டுக்காகவோ காத்திருப்பவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

கடைசியாகப் பணம். வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் பராமரிப்பு, பூச்சைப் புதுப்பிப்பது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## வென்டைல் வகைத் துணி

இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது, தீயணைப்புக் குழாய்களுக்கு வேண்டிய ஆளிநார் கிடைக்காமல் போய்விடும் என்று பிரிட்டன் அஞ்சியது. பருத்தியில் மாற்று தேடும் வேலை மான்செஸ்டரின் ஷெர்லி இன்ஸ்டிட்யூட்டில் நடந்தது. அந்த ஆய்வில் பிறந்ததுதான் வென்டைல். சரக்குக் கப்பலிலிருந்து ஏவப்பட்டு, திரும்பி இறங்க இடமில்லாமல் குளிர்கடலில் குதிக்க வேண்டியிருந்த போர்விமானிகளுக்கு 1943 வாக்கில் இதில் உடை தைத்தார்கள். கடலில் சில நிமிடங்களே உயிர் தாங்கிய இடத்தில், இந்த உடையோடு இருபது நிமிடம் வரை தாங்க முடிந்தது.

அதன் நுட்பம் மூன்று விஷயங்களில் இருக்கிறது. மிக நீண்ட இழை கொண்ட பருத்தி, குறைந்த முறுக்கேற்றிய நூல், இரண்டு பாவு நூல்களைச் சேர்த்து ஓர் ஊடையால் மேவும் ஆக்ஸ்ஃபோர்டு நெசவு. முறுக்கு குறைவாக இருந்தால்தான் இழைக்கு ஊத இடம் கிடைக்கும். முறுக்கு குறைந்தும் நூல் அறாமல் இருக்க வேண்டுமானால் இழை நீளமாக இருக்க வேண்டும். உலகப் பருத்தி விளைச்சலில் அத்தனை நீள இழை கிடைப்பது மிகச் சிறு பங்குதான்.

இங்கே கொங்கு நாட்டுக்குச் சொந்தமான ஒரு செய்தி இருக்கிறது. இந்தியாவின் மிக நேர்த்தியான நீள இழைப் பருத்தியான சுவின், கோவையில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1974-ல் வெளிவந்தது. சுஜாதா என்ற பருத்தி ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற கரீபியன் வகையையும் ஒட்டிப் பிறந்த ரகம் அது. இன்று அதன் பரப்பு சுருங்கிக் கிடக்கிறது. நம் மண்ணில் பிறந்த இழை, நம் மில்களில் நூலாகி, நம் தறியில் இப்படி ஒரு துணியாக வர வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. நூற்கவும் நெய்யவும் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பொறுமையாக ஆர்டர் கொடுக்கும் ஒருவர்தான் வேண்டும்.

ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு என்று வென்டைல் ஜாக்கெட் இரண்டு விதமாக வருகிறது. ஒற்றை அடுக்கு காற்றை முழுவதும் நிறுத்தும். சாரலை வெகு நேரம் தாங்கும். இரட்டை அடுக்கு மணிக்கணக்கான மழையையும் தாங்கும். ஆனால் நம் வெப்பத்தில் இரட்டை அடுக்கைப் போட்டுக்கொண்டு அட்டகட்டியிலிருந்து ஒரு மேட்டை ஏறிப் பாருங்கள், உள்ளே ஓடும் வியர்வையே மழையாகிவிடும்.

மறைமுகச் செலவுகள் பல. நனைந்ததும் துணி காகித அட்டைபோல விறைக்கும். கையை மடக்குவது சிரமம். காய ஒரு நாள் பிடிக்கும், வால்பாறை மழைக்காலத்தில் இரண்டு நாளும் ஆகும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு அனுப்பும் செலவும் இறக்குமதி வரியும் சேரும். அளவு சரியில்லையென்றால் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம்.

யாருக்கு ஏற்றது? ஓரிடத்தில் நெடுநேரம் அசையாமல் இருக்கும் வேலை செய்பவர்களுக்கு. பறவைக் கணக்கெடுப்பு, புகைப்படம், காட்டுயிர் ஆய்வு போன்றவை. அவர்களுக்கு ஒற்றை அடுக்கு வென்டைலுக்கு இணை வேறில்லை.

## மெழுகுத் துணி

பாய்மரத் துணியில் எண்ணெய் தடவினால் ஈரம் ஏறாது என்பதைக் கண்ட மாலுமிகள், கிழிந்த பாய்களை மேலங்கியாக வெட்டிக்கொண்டார்கள். ஆளிவிதை எண்ணெய் நாளடைவில் மஞ்சளாகி, குளிரில் விறைத்து வெடித்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்துக்குப் பாரஃபின் மெழுகு வந்தது. 1894-ல் தொடங்கிய பார்பர், 1924-ல் தொடங்கிய பெல்ஸ்டாஃப் ஆகிய இரண்டு பிரிட்டிஷ் நிறுவனங்களின் பெயர்களும் இந்தத் துணியோடு ஒட்டிக்கொண்டவை.

மழை தாங்குவதில் ஒற்றை அடுக்குத் துணிகளில் இதுவே முன்னால் நிற்கிறது. முள்ளுக்கும் அசையாது. கிழிந்தால் ஒட்டுப்போட்டு மீண்டும் மெழுகு தடவிப் பல ஆண்டு ஓட்டலாம்.

இருந்தும் நம் சமவெளியில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் வெயில். பாரஃபின் வகையைப் பொறுத்து 50 டிகிரிக்கு முன்பின்னாகவே இளகத் தொடங்குகிறது. சித்திரையில் ஈரோட்டில் வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, பைக் பெட்டிக்குள்ளோ அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். மெழுகு ஒழுகி ஓரிடத்தில் தேங்கும், மற்ற இடம் வெறுமையாகும், கூட வைத்த சட்டையில் கறை படியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் துணியிலும் பிசுக்கு ஒட்டும். கண்கள் அடைபட்டிருப்பதால் வியர்வை வெளியேறவும் வழி இல்லை.

சோப்புப் போட்டுத் துவைக்கவும் முடியாது. குளிர்ந்த நீரில் ஈரத்துணியால் துடைப்பது மட்டுமே. வியர்க்காத ஊரில் அது போதும். நமக்குப் போதாது, நாற்றம் ஏறிவிடும். மழைக்காலத்தில் பீரோவுக்குள் அடைத்து வைத்தால் பூஞ்சை பூக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மெழுகைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒரு வேலையில் மட்டும் நம் வெயில் துணை நிற்கிறது: குளிர்நாட்டில் சூடான காற்றூதியால் செய்வதை, இங்கே பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் விரித்து வைத்தே செய்துவிடலாம்.

குன்னூர், கோத்தகிரி, வால்பாறை என்று மலையிலேயே குடியிருந்து, தோட்டத்தில் முள்ளோடும் ஈரத்தோடும் வேலை செய்பவருக்கு மெழுகுத் துணி பொருந்தும். கீழேயிருந்து வார இறுதிக்கு மலையேறுகிறவருக்குப் பொருந்தாது.

## கேபர்டீன்

தாமஸ் பர்பெரி 1879-ல் உருவாக்கி 1888-ல் காப்புரிமை பெற்ற துணி. நெய்த பிறகு பூச்சு அடிக்காமல், நூலுக்கே நீர்விலக்கிப் பதம் ஏற்றிச் செங்குத்துக்கு நெருக்கமாகச் சாயும் ட்வில் (சாய்வரி) நெசவில் நெருக்கி நெய்தது அவருடைய புதுமை. 1924-ல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரி அணிந்திருந்தது கேபர்டீன் உடைதான்.

இன்று கடையில் கேபர்டீன் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பேண்ட் துணி. நெசவு வரி அதேதான், நூலுக்கு ஏற்றிய பதம் இருக்காது. பெயரைப் பார்த்து வாங்கினால் கனமான, காய மறுக்கும் ஜாக்கெட்தான் மிஞ்சும். உண்மையான கேபர்டீன் தோற்றத்தில் மிடுக்கானது. ஊட்டியில் மாலையில் நடந்துவிட்டு வரவும், குளிர்நாட்டுப் பயணத்துக்கும் நன்று. காட்டுக்கு இது வேண்டாம்.

## பாலியஸ்டர் கலந்த அடர்நெசவு

சுவீடனின் ஃபியால்ராவன் நிறுவனம், கூடாரத்துக்குக் கனமாகிப்போன ஒரு துணியை 1968-ல் ஜாக்கெட்டாக்கிப் புகழ்பெற்றது. 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி. மேலே பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த பூச்சு. மழைக்குத் தோளில் மெழுகைக் கூட்டிக்கொள்ளலாம், வெயில் காலத்தில் துவைத்துக் குறைத்துக்கொள்ளலாம். அந்த யோசனை நமக்கு அப்படியே பொருந்துகிறது.

நம் ஊரில் இந்தக் கலவைக்குப் பஞ்சமே இல்லை. டெரிகாட்டன் என்று தலைமுறைகளாக விற்பதும், சீருடைத் துணியாகக் கட்டுக்கட்டாக வருவதும் இதே இனம்தான். இரவு அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். தேய்மானத்துக்குத் தாங்கும். விலை குறைவு.

எச்சரிக்கை இரண்டு. பாலியஸ்டரோடு பருத்திக்குப் பதில் விஸ்கோஸ் கலந்த துணியும் அதே அடுக்கில் கிடக்கும். கடைக்காரரிடம் கலவையைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்தது தீப்பொறி: பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அடுப்போடும் வெல்டிங்கோடும் பழகுகிறவர்களுக்கு இது ஆகாது. பருத்தி கருகும், ஆனால் உருகாது.

சாரலில் இதன் நடத்தை சுமார்தான். பாலியஸ்டர் இழை நீரில் ஊதுவதில்லை. கண் தானாக மூடிக்கொள்ளும் வித்தை இங்கே பாதிகூட நடக்காது. முழுக்க முழுக்க மெழுகை நம்பித்தான் இருக்க வேண்டும்.

## நம் தறியின் அடர் பாப்ளின்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சட்டைக்கு வரும் வழக்கமான 40-ஆம் கவுண்ட் (நூலின் மெலிவைக் காட்டும் எண்; எண் கூடினால் நூல் மெலியும்) பாப்ளின் அங்குலத்துக்கு 132 பாவு, 72 ஊடை என்ற கணக்கில் ஓடுகிறது. வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வரும். அதே 40-ஆம் கவுண்டில் 133-க்கு 100 என்று ஊடையைக் கூட்டி நெய்வதும் உண்டு. இறகு அடைத்த மெத்தைகளுக்கும் தலையணைகளுக்கும் ஏற்றுமதியில் போகும் துணி அது. இறகின் நுனி வெளியே வரக் கூடாது என்பதற்காகவே அத்தனை நெருக்கம். இறகு வராத துணியில் காற்றும் எளிதில் வராது. குறு இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூலில், 60-ஆம் கவுண்டுக்கு ஏறினால் இன்னும் மெலிதாக, இன்னும் நெருக்கமாகக் கிடைக்கும்.

விலை ஏன் கூடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பேரம் பேசுவது எளிது. நெசவுக் கூலி பிக், அதாவது அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்ற கணக்கில் போகிறது. 72 ஊடைக்குப் பதில் 100 என்றால், அதே வேகத்தில் ஓடும் தறிக்கு ஒரு மீட்டர் முடிக்க ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் நேரம் பிடிக்கும். கூலி அதற்கேற்ப ஏறுவது நியாயமே. "அதே துணிதான், நெருக்கமாக இருக்கும்" என்று சொல்லிச் சட்டைத் துணியின் விலைக்குக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஏமாறக்கூடிய இடம் காலண்டரிங். சூடான உருளைகளுக்கு நடுவில் துணியை நசுக்கி ஓட்டினால் நூல் தட்டையாகிக் கண் மூடிக்கொள்ளும், துணி பளபளக்கும். காற்றும் அப்போது வராது. மூன்று முறை துவைத்ததும் நூல் பழைய உருண்டை வடிவத்துக்குத் திரும்பிக் கண் திறந்துவிடும். ஆகவே எந்தத் துணியையும் துவைத்த பிறகே சோதிக்க வேண்டும். கஞ்சியும் இதே மாதிரி பொய் சொல்லும்; காடா துணியில் ஏற்றிய கஞ்சி போன பிறகுதான் அதன் உண்மையான நெருக்கம் தெரியும். படுக்கை விரிப்பில் எழுதியிருக்கும் நானூறு, அறுநூறு என்ற நூல் எண்ணிக்கையும் வழிகாட்டாது. முறுக்கிய இரட்டை நூலை இரண்டாக எண்ணியிருப்பார்கள். சாட்டின் நெசவாக இருந்தால் நூல் மிதந்துகொண்டு முள்ளில் மாட்டும்.

இந்தத் துணியின் மறைமுகச் செலவு நீர்விலக்கிப் பூச்சில் இருக்கிறது. பதப்படுத்தும் ஆலைகள் சில மீட்டருக்காக ஸ்டென்டர் என்ற பதனிடும் இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள். ஒரு யூனிட்டாக நூற்றுக்கணக்கான மீட்டர் எடுத்தால் கட்டுப்படியாகும். தனி ஆளுக்கு ஆகாது. தனி ஆளுக்கு வழி, பாரஃபினில் கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து உருக்கிய கட்டியைத் தோளிலும் முன்கையிலும் தலைமூடியிலும் மட்டும் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியின் இளஞ்சூட்டில் உள்ளே இறக்குவது. முதுகையும் அக்குளையும் வெறுமையாக விட்டால் வியர்வை போக வழி இருக்கும்.

ஆலையில் பூச்சு ஏற்றுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஃபுளோரின் இல்லாத பூச்சைக் கேளுங்கள். ஃபுளோரின் சேர்மங்கள் எண்ணெயையும் விலக்கும், நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குகின்றன. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்த ஊர் நாம். மழைக்கோட்டுக்காக இன்னொரு நஞ்சை அந்த ஆற்றில் சேர்க்கக் கூடாது.

அடர்பருத்தி நம் மலையில் ஏற்கெனவே நிரூபணமான ஒன்று என்பதற்கு அட்டைக் காலுறையைப் பாருங்கள். ஆனைமலைக் காட்டில் முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்ளும் அந்த உறை, அட்டை நுழைய முடியாதபடி நெருக்கி நெய்த பருத்திதான்.

கான்வாஸையும் டிரில்லையும் பலர் கேட்கிறார்கள். நூல் தடிமனாக இருப்பதால் கனமாகத் தெரியும். நூல்களுக்கு நடுவில் கண்ணும் பெரிது. பைக்கும் கூடாரத்துக்கும் சரி. ஜாக்கெட்டுக்கு எடுத்தால் மழையில் சுமையாகிவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வென்டைல், ஒற்றை அடுக்கு | மெழுகுத் துணி | பாலியஸ்டர் கலவை | அடர் பாப்ளின் |
|---|---|---|---|---|
| ஆனி ஆடிக் காற்று | முழுத் தடை | முழுத் தடை | நன்று | நன்று |
| சாரல் | மிக நன்று | மிக நன்று | மெழுகு இருந்தால் நன்று | பூச்சு இருந்தால் நன்று |
| அடைமழை | சற்று நேரமே தாங்கும் | ஓரளவு தாங்கும் | தாங்காது | தாங்காது |
| புழுக்கம் | பரவாயில்லை | மோசம் | பரவாயில்லை | நன்று |
| காயும் வேகம் | மிக மெதுவு | உள்ளே நனைவது அரிது | வேகம் | நடுத்தரம் |
| துவைப்பது | கவனத்தோடு | கூடாது | எளிது | எளிது |
| கிடைக்குமிடம் | வெளிநாடு | பெரும்பாலும் வெளிநாடு | எங்கும் | கோவை, பல்லடம், ஈரோடு, கரூர் |

கேபர்டீனை அட்டவணையில் சேர்க்கவில்லை. பதமேற்றிய அசல் துணியை இங்கே பார்ப்பது அபூர்வம்.

பைக்கில் போய்வருகிறவர் பாலியஸ்டர் கலவையை எடுக்கலாம். தினமும் துவைத்துப் போட்டுக்கொள்ள அதைவிட வசதியானது இல்லை. வெள்ளியங்கிரிக்கும் கொல்லிமலைக்கும் மழையில்லாத காலத்தில் ஏறுகிறவருக்கு அடர் பாப்ளின். பூச்சுகூட வேண்டாம், காற்றை நிறுத்தினாலே போதும். மலையிலேயே வாழ்ந்து வேலை செய்பவர் மெழுகுத் துணிக்குப் போகலாம். நாள்கணக்கில் காட்டுக்குள் அமைதியாகக் காத்திருப்பவர் பணத்தைச் சேர்த்து வைத்து வென்டைல் வாங்கட்டும். தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது சின்னக்கல்லார் பக்கம் போகிறவருக்கு மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. நம் தாத்தாக்கள் மடித்த சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வயலில் நின்றது ஏன் என்று யோசித்தால் புரியும்: மேலே மூடி, கீழே திறந்து கிடப்பதால் காற்றோட்டம் நிற்காது. ரப்பர் பூச்சுப் போர்வைக் கோட்டுக்கும் அதே அமைப்புதான். அதை ஜாக்கெட்டின் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

## தைக்கக் கொடுக்கும் முன்

துணி எத்தனை நல்லதாக இருந்தாலும் தையல் வழியாக நீர் உள்ளே வந்துவிடும். பாலியஸ்டர் நூலில் தைத்தால் ஊசித் துளை திறந்தே இருக்கும். பருத்தி நூலோ, பருத்தி சுற்றிய நூலோ என்றால் அது நனைந்ததும் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும். மெல்லிய ஊசி, ஓரத்தை உள்ளே மடித்து இரட்டையாக அடிக்கும் தையல். தோளின் உச்சியில் தையல் வரவே கூடாது; முன்பாகத்தையும் தோளையும் ஒரே துண்டாக வெட்டி, இணைப்பை முதுகுக்குக் கீழிறக்கச் சொல்லுங்கள். பனியன் யூனிட்டுகளின் ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்கள் இதற்கு உதவாது. நெய்த துணிச் சட்டையும் பேண்டும் தைக்கும் யூனிட்டையே நாடுங்கள்.

வெட்டுவதற்கு முன் துணியைச் சுருங்க விடுவது கட்டாயம். நெருக்கி நெய்த பருத்தி முதல் துவையலில் நீளவாக்கில் கணிசமாகச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடும்.

வீட்டில் செய்யும் சோதனை ஒன்று போதும். மூன்று முறை துவைத்து இஸ்திரி போட்ட துண்டை ஒரு சொம்பின் வாயில் தொய்வாகக் கட்டி, குழியில் ஒரு டம்ளர் நீர் ஊற்றி இரவு முழுவதும் விடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஓரிரு சொட்டு விழுந்து பிறகு நின்றுவிட்டால் இழை ஊதிக் கண் மூடிக்கொண்டது என்று அர்த்தம், துணி தேறிவிட்டது. தொடர்ந்து சொட்டினால் ஊடை போதவில்லை. பிறகு அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். அங்கே கசிந்தால் பைப்பட்டை அழுத்தும் தோளிலும் கசியும், அந்த இடத்தில் இன்னொரு அடுக்கு துணி வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். வியாபாரமாகச் செய்ய நினைக்கும் யூனிட்காரர்கள் இத்தோடு நிற்காமல், 1956-லிருந்து கோவையில் இயங்கும் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற ஆய்வகத்தில் கட்டணம் கட்டி நீர்த்தூண் அளவையும் காற்றுப் புகும் அளவையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

துவைக்கும்போது சலவைத் தூளையும் துணியை மிருதுவாக்கும் திரவத்தையும் தவிர்த்துச் சாதாரணக் கட்டி சோப்பைக் கொஞ்சமாகப் போட்டு, நிறைய நீரில் அலச வேண்டும். தங்கிவிடும் சலவைப் பொருள் நீரை உள்ளே இழுக்கும். பூச்சு போய்விட்டது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்த மிச்சத்தால்தான். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். வைகாசி கடைசியில் காற்று திரும்பும்போது ஜாக்கெட் கையில் இருக்க வேண்டுமென்றால், தை மாதத்திலேயே துணி எடுத்துவிடுவது சரி.